வெள்ளிக்கிழமை கப்பல் என்றால் புதன்கிழமையே மலையிறங்குங்கள்

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி, தோட்டப் பாடசாலை ஆசிரியை, கேட்டிருந்த கேள்வி இது. அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 64. இருவரும் இதுவரை வெளிநாடு போனதில்லை. கட்டாரில் வேலை செய்யும் அண்ணன், பினாங்கும் புக்கெட்டும் போய்த் திரும்பும் நாலு இரவுக் கப்பல் பயணத்துக்குக் காசு கட்டியிருக்கிறார். கப்பல் சிங்கப்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குப் புறப்படும். வியாழன் நள்ளிரவு தாண்டிக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏறினால் வெள்ளி காலை 7 மணியளவில் சிங்கப்பூரில் இறங்கிவிடலாம், ஹோட்டல் காசும் மிச்சம், அது போதாதா? வேறென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

தங்கச்சி, கணக்குப்படி போதும். ஆனாலும் அப்படிச் செய்யாதீர்கள். நான் பதினோரு வருடம் பயணிகள் கப்பலில் கேபின் துப்புரவு வேலை பார்த்தவன். இப்போது ஹட்டனில் இருந்து நம் ஊர் ஆட்களுக்கு டிக்கெட் ஒழுங்கு செய்து கொடுக்கிறேன். கப்பல் ஏறுவதற்கு முந்தைய இரவை அந்தத் துறைமுக நகரத்திலேயே தூங்கிக் கழிக்க வேண்டும் என்பதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஹோட்டல் காசு பெரிதாகத் தெரிந்தால் வேறு எதையாவது குறையுங்கள். அந்த ஓர் இரவைக் குறைக்காதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். விமானம் உங்களுக்கு மாலை 5 மணி வரை நேரம் இருப்பது போலக் காட்டும். கப்பலுக்கு அந்தக் கணக்கு கிடையாது. புறப்படும் நேரத்துக்கு 60 நிமிடம் முன்பு சில கம்பனிகளும், 90 நிமிடம் முன்பு சில கம்பனிகளும் பதிவை மூடிவிடும். அப்படியென்றால் உங்கள் கடைசி நேரம் மாலை 5 இல்லை, பிற்பகல் 3.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பு விமானம் ஆறு மணி நேரம் தாமதமானால் நீங்கள் இறங்குவது பிற்பகல் 1 மணியளவில். குடிவரவு வரிசை, பெட்டி வரும் பட்டி, டாக்சி எல்லாம் முடிந்து துறைமுகம் போகும்போது கதவு மூடியிருக்கலாம். விமானம் ரத்தானால் பேச்சே இல்லை. எங்கள் ஊரில் இரவு பஸ் தவறினால் விடியற்காலை பஸ் இருக்கும். கப்பலுக்கு அடுத்த கப்பல் இல்லை.

கப்பல் ஏன் கொஞ்சம் காத்திருக்கக் கூடாது என்று அப்பா கேட்பார், எல்லா அப்பாக்களும் கேட்கிறார்கள். பெரிய கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே கொண்டுபோக அந்தத் துறைமுகத்தின் வழிகாட்டி மாலுமி ஏற வேண்டும், இழுவைப் படகு வர வேண்டும், அவர்களுக்கு நேரம் குறித்தாயிற்று. அந்தத் தளத்துக்கு அடுத்த கப்பல் வரப் போகிறது. ஏறியவர்கள் யார் யார் என்ற பட்டியலைக் குடிவரவுக்குக் கொடுத்து முடித்தாயிற்று. நாலாயிரம் பேர் ஏறிய கப்பலில் நான்கு பேருக்காக இதில் எதையும் நகர்த்த மாட்டார்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். பார்சலோனாவில் ஒரு மாலை, ஏணிப்பாலத்தை இழுத்தாயிற்று. ஊர் சுற்றப் போன ஒரு தம்பதி இன்னும் வரவில்லை. பாதுகாப்பு அதிகாரி என்னைக் கூட்டிக்கொண்டு அவர்களுடைய கேபினுக்குப் போனார். நான் காலையில் மடித்து வைத்த துவாய் கட்டில் மேல் அப்படியே இருந்தது. அவர் பெட்டகத்தைத் திறந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்தார், நான் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பாஸ்போர்ட்டைத் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்தார்கள். கயிறு கழன்று கப்பல் ஒரு இருபது அடி நகர்ந்த பிறகு அந்த இருவரும் தளத்தில் ஓடி வந்தார்கள். அந்த அம்மா நின்றுவிட்டார், கணவர் மட்டும் கை காட்டிக்கொண்டே கப்பலோடு கொஞ்ச தூரம் நடந்தார். மேல்தளத்திலிருந்து ஆட்கள் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் இன்றைக்கும் பிடிக்கவில்லை.

அவர்கள் ஐரோப்பிய பாஸ்போர்ட்காரர்கள். அடுத்த நாளே விமானம் ஏறி அடுத்த துறைமுகத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள். நம் பாஸ்போர்ட்டுக்கு அந்த வழி கஷ்டம், தங்கச்சி. உங்கள் கப்பல் அடுத்து நிற்பது பினாங்கில். மலேசியாவுக்கு இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். அது கையில் இல்லாமல் பினாங்குக்கு விமானத்தில் ஏறவே விட மாட்டார்கள். விசா இருந்தாலும் நடுவழியில் ஏற்றிக்கொள்வதற்குக் கப்பல் கம்பனி சம்மதிக்க வேண்டும். மற்ற நாட்டுக்காரருக்குச் சொல்லும் "ஒரு நாள் முந்திப் போனால் நல்லது" என்ற அறிவுரை நமக்குக் கட்டாயம் ஆவது இதனால்தான்.

இன்னொன்று, நம்முடைய பயணத்தில் ஆகச் சந்தேகமான துண்டு கடலும் இல்லை, ஆகாயமும் இல்லை. தலவாக்கலையிலிருந்து அவிசாவளை வரைக்குமான ரோடுதான். வட்டவளை, கினிகத்தேன பக்கம் மே மாதத்துக்குப் பிறகு மழை எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் மூன்றாவது ஒப்பந்தத்துக்குப் போகும்போது கினிகத்தேனவுக்கு மேலே மண் சரிந்து பஸ் நின்றது. ஒரு மணி நேரத்தில் துப்புரவாகிவிடும் என்றார்கள், நம்பி உட்கார்ந்திருந்தேன். பிறகு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் அந்தப் பக்கம் கடந்து, ஒரு ஆட்டோ பிடித்து, கித்துல்கலையில் வேறு பஸ் ஏறி, கட்டுநாயக்கவுக்குப் போனேன். விமானம் புறப்பட இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. கவுண்டர் அறுபது நிமிடத்திலேயே மூடியாயிற்று. அந்தக் கப்பல் போய்விட்டது, நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நம் பக்கம் ரோடும் கோச்சிப் பாதையும் என்ன ஆனது என்பதை நீங்களே கண்ணால் பார்த்தவர். அதற்குப் பிறகு யாருக்கும் நான் "காலையில் கிளம்பினால் ராத்திரி விமானத்துக்குப் போய்விடலாம்" என்று மழைக்காலத்தில் சொல்வதில்லை.

ஆகவே கணக்கைக் கப்பலிலிருந்து பின்னோக்கிப் போடுவோம். வெள்ளி மாலை 5 மணிக்குக் கப்பல். வியாழன் இரவு சிங்கப்பூரில் தூக்கம். அதற்கு வியாழன் அதிகாலை விமானம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். டிக்கெட்டில் வியாழன் 00.40 என்று போட்டிருந்தால் அது புதன் இரவு நாம் விழித்திருக்கும் இரவு. வியாழன் இரவு என்று நினைத்துக்கொண்டு ஒரு முழு நாள் பிந்திப் போன ஒரு குடும்பத்துக்கு நான் மறுபடி டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: கலண்டரில் புதன் கட்டத்தில் "இன்று இரவு விமானம்" என்று சிவப்பில் எழுதி, அதைச் சுவரில் மாட்டி வையுங்கள். புதன் காலை 8 மணிக்கு வேன் ஏறினால், நிறுத்தி நிறுத்திப் போனாலும் பிற்பகல் 3 மணிக்குள் கட்டுநாயக்கவுக்கு வந்துவிடலாம். இரவு 9.30 மணிக்கு விமான நிலையத்துக்குள் போனால் போதும். நடுவில் இருக்கும் ஆறரை மணி நேரம் வீணில்லை, அதுதான் ரோட்டுக்கான காப்பு. வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அப்பாவும் அம்மாவும் படுத்து எழும்பலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பக்கத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் செவ்வாய்க்கிழமையே இறங்கிவிடுங்கள்.

விமானம் நாலு மணி நேரம் சுமார். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், அதனால்தான் நள்ளிரவு தாண்டி ஏறியது காலை 7 மணியளவில் இறங்குகிறது. அண்ணனையும் கட்டாரிலிருந்து வியாழக்கிழமையே வந்து சேரச் சொல்லுங்கள். அவர் தனியாக வருகிறார் என்பதால் அவருக்கு மட்டும் வேறு விதி இல்லை.

இப்போது இதைவிட முக்கியமான விஷயம், பெயர். நம் மக்களுக்கு இதில்தான் நெஞ்சு வலி. பிறப்புச் சான்றிதழில் அன்றைக்குப் பதிந்தவர் கேட்டபடி ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து, பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தால் அதில் மூன்றாவது எழுத்து. 1948இல் பறித்த பிரஜாவுரிமையை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் துண்டு துண்டாகத் திருப்பி வாங்கிய மலையகச் சமூகம் நாம். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் படிவம், ஒவ்வொரு படிவத்திலும் யாரோ ஒருவர் நம் பெயரைத் தான் கேட்டபடி எழுதினார். அப்பாவின் பெயர் பெரியசாமி என்று வைத்துக்கொள்வோம், ஆங்கிலத்தில் அது ஓரிடத்தில் 'ஐ' எழுத்தில் முடியும், ஓரிடத்தில் 'வை' எழுத்தில் முடியும். வீட்டில் அது ஒரே பெயர். கவுண்டரில் நிற்பவருக்கு அது இரண்டு ஆள்.

ஆகவே அண்ணன் கப்பலுக்குப் பதிந்தபோது எந்தப் பெயரைக் கொடுத்தார் என்று இன்றைக்கே கேளுங்கள். அப்பாவுக்கு இன்னும் பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை என்றால், அண்ணன் நினைவில் இருந்த எழுத்தில் பதிந்திருப்பார். பாஸ்போர்ட் வந்ததும் படம் இருக்கும் பக்கத்தின் அடியைப் பாருங்கள். முனை இடப்பக்கம் பார்க்கும் சின்ன அம்புக்குறிகள் நிரம்பிய இரண்டு வரி இருக்கும். மேல் வரியில் எல்-கே-ஏ என்ற மூன்று எழுத்துக்குப் பின் வருவது குடும்பப் பெயர் என்று அவர்கள் எடுத்துக்கொள்வது. இரட்டை அம்புக்குறிக்குப் பின் வருவது மற்றப் பெயர்கள். விமான டிக்கெட், கப்பல் பதிவு, விசா, சிங்கப்பூர் வருகைப் படிவம், நாலிலும் அந்த வரியைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். மனதிலிருந்து எழுதாதீர்கள். இனிஷியலை நம் ஊர் வழக்கப்படி முன்னால் போடாதீர்கள். ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு இரண்டாவது கட்டத்தை எப்படி நிரப்புவது என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், அதை விமானக் கம்பனியிடம் கேட்டு அவர்கள் சொன்னபடி செய்யுங்கள். எழுத்துப் பிழையைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு திருத்துவது ஒரு மின்னஞ்சல் வேலை. கவுண்டரில் நின்று திருத்த முடியாது.

பாஸ்போர்ட் எடுக்க பத்தரமுல்லைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, உங்களுக்கு அது கிட்ட. ஆனால் பிந்த வேண்டாம். 2024இல் பாஸ்போர்ட்டுக்கு ஆட்கள் இரவிரவாக வரிசையில் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏற்கனவே பாஸ்போர்ட் உள்ளவர்கள், பயணம் முடிந்து வரும் நாளில் இருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாகுமா என்று பாருங்கள்.

விசாவை நாடு நாடாகப் பார்க்க வேண்டும், கப்பல் ஒன்றுதானே என்று இருந்துவிடக் கூடாது. சிங்கப்பூருக்கு இலங்கையருக்குச் சுற்றுலா விசா வேண்டாம். வருகைப் படிவம் மட்டும் இணையத்தில் நிரப்ப வேண்டும், இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள். அது இலவசம். காசு கேட்கும் பக்கம் வந்தால் அது அரசாங்கத்தின் பக்கம் இல்லை, மூடிவிடுங்கள். கப்பலில் போய்த் திரும்பி வரும்போது நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாம் தடவை நுழைகிறீர்கள், அதற்கும் ஒரு படிவம் வேண்டும். இதை மறந்துவிட்டுத் திரும்பிய நாள் காலையில் போனைத் தட்டிக்கொண்டு நிற்பவர்கள் அதிகம். மலேசிய விசாவைப் பற்றிச் சொன்னேன். "நாங்கள் பினாங்கில் இறங்கவே மாட்டோம், கப்பலிலேயே இருந்துவிடுகிறோம்" என்றாலும் விசா இல்லாதவரைச் சிங்கப்பூரிலேயே ஏற்ற மறுக்கும் கம்பனிகள் இருக்கின்றன. ஆகவே கம்பனிக்கு எழுதி, இலங்கை பாஸ்போர்ட் என்று குறிப்பிட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, பிரிண்ட் எடுத்துக் கையில் வையுங்கள். தாய்லாந்து 2024 ஜூலையில் இலங்கையருக்கு விசா இல்லாமல் கதவு திறந்தது. இப்படிப்பட்ட சலுகைகள் மாறும், உங்கள் பயணத்துக்கு முந்தைய வாரம் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அண்ணன் கட்டாரில் இருந்தாலும் பாஸ்போர்ட் நம்முடையதுதான். அவருக்கும் இதெல்லாம் உண்டு.

சிங்கப்பூரில் எந்தத் துறைமுகம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே பயணிகள் கப்பலுக்கு இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று ஹார்பர்ஃப்ரன்ட் பக்கம் இருக்கும் பழைய சிங்கப்பூர் குரூஸ் சென்டர். மற்றது 2012இல் திறந்த மரீனா பே குரூஸ் சென்டர். பழைய இடத்துக்கு மேலே செந்தோசா தீவுக்குப் போகும் கேபிள் கார் கம்பி ஓடுகிறது. அதனால் 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல் அங்கே வர முடியாது. இன்றைய பெரிய கப்பல்கள் மரீனா பேக்குப் போவது அதனால்தான். டாக்சிக்காரரிடம் "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொன்னால் அவர் எதற்கு வேண்டுமானாலும் கொண்டுபோவார். உங்கள் பயணச்சீட்டில் எழுதியிருக்கும் முழுப் பெயரைக் காட்டுங்கள்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியாவைச் சொல்கிறேன். மலிவு என்பது மட்டும் காரணமில்லை, அங்கே மலிவானதும் உண்டு விலையானதும் உண்டு. அப்பா அம்மாவுக்கு அது அந்நிய ஊராகத் தோன்றாது. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி சீனிவாசப் பெருமாள் கோயில், தேக்கா சந்தையில் தோசையும் இடியப்பமும். தமிழ் அந்த நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. ரயில் நிலையப் பலகையில் தமிழில் பெயர் எழுதியிருப்பதை அப்பா வாய்விட்டு வாசிப்பார் பாருங்கள், நான் கூட்டிப்போன எல்லாப் பெரியவர்களும் வாசித்தார்கள். நம் நாட்டில் பல இடத்தில் தமிழ்ப் பலகையைத் தேடி அலைந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

போக்குவரத்தும் அங்கிருந்து நேர். லிட்டில் இந்தியா நிலையம் வடகிழக்கு ரயில் பாதையில் இருக்கிறது. ஹார்பர்ஃப்ரன்ட் கப்பல் என்றால் ரயில் மாறவே வேண்டாம், அந்தப் பாதையின் கடைசி நிலையம் அதுதான். மரீனா பே என்றால் அடுத்த நிலையமான டோபி காட்டில் இறங்கி, வடக்கு தெற்குப் பாதைக்கு மாறி, கடைசி நிலையமான மரீனா சவுத் பியரில் இறங்க வேண்டும், நாலு நிறுத்தம். அங்கிருந்து கொஞ்சம் நடை. இதை வியாழன் மாலை பெட்டி இல்லாமல் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை பெட்டிகளோடும் அம்மாவின் முழங்காலோடும் போகும்போது டாக்சியே பிடியுங்கள், நாலு பேருக்குப் பெரிய செலவில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. நீங்கள் வியாழன் காலை 7 மணிக்கு இறங்குவீர்கள், ஹோட்டல் அறை பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டு வெளியே போகலாம், ஆனால் தூங்காத இரவுக்குப் பிறகு வயதானவர்களுக்கு அது நீண்ட காலைப்பொழுது. முன்கூட்டி அறை கொடுக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். விமான நிலையத்திலேயே முகம் கழுவி, சாப்பிட்டு, ஆறுதலாகக் கிளம்புங்கள்.

பெட்டி கட்டுவது. பெரிய பெட்டியைத் துறைமுக வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அது மாலையில்தான் உங்கள் கேபின் வாசலுக்கு வரும். பாஸ்போர்ட்டை அந்தப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கவுண்டரில் வந்து நிற்பவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்த்தேன். நாங்கள் கீழே போய் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்குள் அந்த ஒன்றைத் தேடுவோம், அவர்கள் வாசலில் வேர்த்து நிற்பார்கள். பாஸ்போர்ட், விசாப் பிரிண்ட், பிரஷர் சீனி மாத்திரை, கண்ணாடி, ஒரு மாற்று உடுப்பு, இவ்வளவும் கைப்பையில். கம்பனி அனுப்பும் பெட்டிச் சீட்டை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்து, மடித்து, கைபிடியில் சுற்றி ஸ்டேப்ளர் அடித்து, மேலே தெளிவான டேப் ஒட்டுங்கள். மழையில் நனைந்த சீட்டில் எண் தெரியாமல் போகும்.

மாத்திரையை டப்பாவில் கொட்டாமல் வந்த அட்டையோடே, டாக்டர் துண்டோடு கொண்டு போங்கள். தூக்க மாத்திரை, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி வேண்டும். அம்மா வெற்றிலை போடுகிறவர் என்றால் புகையிலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். மெல்லும் புகையிலை அங்கே தடை. சூயிங்கமும் கொண்டுபோகக் கூடாது. மின் சிகரெட்டும் சட்ட விரோதம். சாதாரண சிகரெட் ஒரு பக்கெட் என்றாலும் வரி உண்டு. கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி இரண்டையும் கப்பலில் வாங்கி வைத்துவிடுவார்கள். நம் தேயிலைத் தூள் பக்கெட் கொண்டு போகலாம், சுடுதண்ணீர் சாப்பாட்டு மண்டபத்தில் கிடைக்கும். நானும் அப்படித்தான் பதினோரு வருடமும் குடித்தேன்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கம், பகலில் 31, 32 பாகை வேர்க்கும். அதற்காகச் சுவேட்டரை வீட்டில் விட்டுவிடாதீர்கள். கப்பலுக்குள் ஏசி குளிர் நுவரெலியா டிசம்பர் மாதிரி இருக்கும், முக்கியமாக நிகழ்ச்சி மண்டபத்தில்.

காசு விஷயத்தில் ஒன்றே ஒன்று. கப்பலில் கையில் காசு செல்லாது, ஏறும்போது ஒரு கார்டைப் பதிவார்கள். டெபிட் கார்ட் கொடுத்தால் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், பயணம் முடிந்தும் சில நாளைக்கு அது திரும்பி வராது. அண்ணனின் கிரெடிட் கார்டைக் கொடுப்பது நல்லது. நம் ஊர் வங்கிக் கார்ட் என்றால் வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்திருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள். ஊழியர்களுக்கான நாள் தொகை ஆளுக்கு ஆள் தானாகவே கணக்கில் ஏறும், கடைசி நாள் பில்லைப் பார்த்துத் திகைக்காமல் இருக்க அப்பாவிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். கப்பல் நகர்ந்ததும் எல்லோர் போனையும் விமான நிலைக்கு மாற்றுங்கள். கடலில் பிடிக்கும் சிக்னல் செய்மதி வழி வருவது, அதன் பில் தோட்டத்தில் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும்.

புக்கெட்டில் இறங்கினால் நேரத்தைக் கவனியுங்கள். தாய்லாந்து சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்க, உங்கள் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டால், நீங்கள் சரியான நேரத்துக்கு வந்தோம் என்று நினைத்து ஒரு மணி நேரம் பிந்தி வருவீர்கள். அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, அதை மட்டும் பாருங்கள்.

திரும்பி வரும் நாள் பற்றி: கப்பல் காலையிலேயே கட்டினாலும் எல்லோரும் இறங்கி முடிய நேரம் எடுக்கும், குடிவரவு வரிசையும் உண்டு. பிற்பகல் 2 மணிக்கு முந்திய விமானம் வேண்டாம், இரவு விமானம் என்றால் இன்னும் நிம்மதி. நடுவில் முஸ்தபா கடையில் ஊருக்குச் சாமான் வாங்கலாம்.

அம்மாவின் முழங்காலுக்கு விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லுங்கள், கப்பல் கம்பனிக்கும் தனியாகச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், அது இலவசம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நடக்கும் தூரம் தலவாக்கலை டவுனை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குச் சமம். கடல் மயக்கத்துக்கு அதிகம் பயப்பட வேண்டாம், மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான தண்ணீர். கினிகத்தேன வளைவுகளில் வாந்தி எடுக்காமல் இறங்குகிறவர்கள் அங்கே ஒன்றும் ஆக மாட்டார்கள். எடுக்கிறவர்கள் வேனுக்கும் சேர்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளட்டும்.

உங்கள் கப்பலின் பெயரையும், அப்பா அம்மா இருவரின் பாஸ்போர்ட் வந்ததா இல்லையா என்பதையும் மட்டும் எழுதுங்கள், பாஸ்போர்ட் எண்ணை எங்கும் எழுத வேண்டாம். எந்தத் துறைமுகம் என்றும், மலேசிய விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்றும் பார்த்துச் சொல்கிறேன். விமான டிக்கெட்டை அதற்குப் பிறகு போடுவோம்.